கிணற்று மேட்டில் சொல்லக்கூடாத சொல்

பெயில் என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் என்னோடுதான் வந்தது.

அது எழுபதுகளின் தொடக்கம். நாமகிரிப்பேட்டையிலிருந்து மலையைப் பார்த்துப் போகும் மண்சாலையில் எங்கள் ஊர். பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புகள்தான். ஐந்தாவது முடிவை வாத்தியார் வாசலில் நின்று வாசித்தார். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் பாஸ், பாஸ் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், என் பெயர் வந்ததும் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பெயில் என்றார். எனக்குக் கணக்கு வரும். எழுத்தும் வரும். நாலு பேருக்கு முன்னால் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் மட்டும் தொண்டை அடைத்துக்கொள்ளும். பரீட்சைக்கு வந்திருந்த அதிகாரியின் முன்னால் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நின்றதோடு சரி.

வீட்டில் அம்மா சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சாமி சொன்னாங்க?"

"பெயிலுன்னாங்க."

"அப்படீன்னா?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள்: "நின்னுட்டானாமா. மேல போகலையாமா."

அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. "நின்னுட்டானா? அட, இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தே? இந்த வருசம் நின்னா அடுத்த வருசம் நடந்துக்கறே."

அப்பா சந்தைக்குப் போய் வருகிறவர். அந்தச் சொல்லை அவர் ஏற்கெனவே கேட்டிருந்தார். "நின்னதெல்லாம் இல்ல. பெயிலுன்னா பெயிலுதான். மாட்டைப் புடிச்சுக் கட்டச் சொல்லு," என்றார். என் படிப்பு அத்தோடு முடிந்தது.

நடந்தது ஒன்றுதான். அம்மா வாயில் அது நின்றதாக இருந்தது. நின்றவன் நடக்கலாம். அப்பா வாயில் அது பெயிலாக இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து நான் அந்தச் சொல்லைக் கவனிக்கத் தொடங்கினேன். பேசக் கூச்சப்படுகிறவனுக்கு மற்றவர்கள் பேசுவதைக் கேட்பதுதான் பொழுதுபோக்கு.

அது மெல்ல மெல்ல ஊருக்குள் பரவியது. முதலில் லாரிக்காரர்கள் கொண்டுவந்தார்கள்: பிரேக் பெயில். கரண்டு வந்த பிறகு மின்வாரியத்து ஆள் கம்பத்தைப் பார்த்துச் சொன்னார்: லைன் பெயில். மோட்டார் காயில் புகைந்தால் மோட்டார் பெயில். சேலத்துக்குப் போய் வந்தவர்கள் அங்கே மில்லில் ஸ்டிரைக் பெயில் என்றார்கள். டீக்கடையில் அது விளையாட்டுச் சொல்லாகவும் ஆனது. கல்யாணமான புதிதில் பொண்டாட்டி கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்ட ஒருவனைப் பார்த்து, "என்ன மாப்பிள்ளை, தனியா வாரே? பெயிலாக்கிட்டாளா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். "இல்ல மாமா, சப்ளிமெண்டரி இருக்குது," என்றான் அவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து சிரித்தேன்.

ஆனால் எனக்குள் ஏதோ ஒன்று சரியில்லாமல் இருந்தது. அதற்கு முன்பு எங்களிடம் இந்த ஒரு சொல்லுக்கு எத்தனையோ சொற்கள் இருந்தன. கதிர் வந்து மணி பிடிக்காமல் போனால் சாவி. அடைகாத்தும் குஞ்சு பொரிக்காத முட்டை கூமுட்டை. மாடு காளைக்குப் போட்டும் பலிக்கவில்லை என்றால் சினை நிற்கவில்லை. மழை வராமல் போனால் ஏமாற்றிவிட்டது. அதில் மழை மீது ஒரு சண்டையும் இருக்கும், அடுத்த மாதமாவது வந்து சேர் என்ற கெஞ்சலும் இருக்கும். கிணறு வற்றினால் ஊற்று அடைத்துக்கொண்டது என்பார்கள். அடைத்தது என்றால் திறக்கலாம். ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் அடுத்துச் செய்ய வேண்டியது என்ன என்பதும் கொஞ்சம் இருந்தது. கூமுட்டையைத் தூக்கி எறியலாம். சினை நிற்காத மாட்டை அடுத்த மாதம் மறுபடியும் ஓட்டிப்போகலாம். பெயில் என்ற சொல் வந்து இவை எல்லாவற்றின் மேலும் ஒரே மாதிரி உட்கார்ந்துகொண்டது. மழை பெயில், மஞ்சள் பெயில், மாடு பெயில். சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள்.

இந்தச் சொல்லுக்குப் பயந்தவர்களை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன்.

அது எண்பதுகளின் தொடக்கத்தில் மழையே இல்லாத காலம். அப்பா தன் கையால் வைத்து வளர்த்த பாக்குத் தோப்பு காயத் தொடங்கியிருந்தது. பாக்கு மரம் சாவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கக்கூடாது. முதலில் கீழ் மட்டை தொங்கும். பிறகு நடு மத்தியானத்தில், காற்றே இல்லாதபோது, ஒரு மட்டை தானாகக் கழன்று பொத்தென்று விழும். அம்மா சமையல் செய்துகொண்டே அந்தச் சத்தத்துக்குக் கையை நிறுத்துவாள். அப்பா எண்ணிக்கொண்டிருக்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்ப்பாள். கிணற்றில் ஒரு மூலையில் மட்டும் சேறு கலந்த தண்ணீர் இருந்தது. மோட்டாரைப் போட்டால் காற்றைக் குடித்துக்கொண்டு கத்தும்.

கிணற்றை ஆழப்படுத்த அப்பா ஆட்களைக் கூட்டி வந்தார். ஆத்தூருக்கு அந்தப் பக்கத்துக் கூட்டம். அவர்களுக்கு ஒரு மேஸ்திரி. பாறையில் குழி அடித்து வெடிமருந்து கெட்டித்து உடைப்பது அவர்கள் வேலை. மருந்து வைக்கிறவன் என் வயதுக்காரன். அவன் மனைவியும் கூட்டத்தில் இருந்தாள். மற்றப் பெண்கள் மேலே வரும் கல்லையும் மண்ணையும் கொட்டினார்கள். இவளுக்கு மட்டும் இன்னொரு வேலையும் இருந்தது.

முதல் நாள் கிணற்று மேட்டில் கற்பூரம் கொளுத்தியதும் மேஸ்திரி அப்பாவிடம் வந்தார்.

"பண்ணாடி, ஒண்ணு சொல்லணும். இந்த மேட்டுல ஒரு சொல்ல யாரும் சொல்லக்கூடாது. நீங்களும் சொல்லக்கூடாது."

"என்ன சொல்லு?"

"சொல்லக்கூடாதுங்கறேன், என்ன சொல்லுன்னா எப்படிச் சொல்றது? பள்ளிக்கூடத்துல பசங்களுக்குப் போடுவாங்களே, அது."

அப்பா சிரித்துவிட்டார். "எம்பையன் வாங்கிட்டு வந்தானே, அதா?"

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் கயிற்றைச் சரிபார்ப்பதுபோல், கல் தூக்கும் கைக் கிரேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

மேஸ்திரி சிரிக்கவில்லை. "எங்க தாத்தன் மலையில வெள்ளைக்காரன் ரோட்டுக்கு வெடி போட்டவரு. மருந்தோட சேந்து வந்த சொல்லுங்க அது. வெடிக்காத குழியைப் பாத்து ஓவர்சியர் அந்தச் சொல்லச் சொன்னா, கொஞ்ச நேரத்துல ஒரு ஆளைத் தூக்கிட்டு வருவாங்களாம். அதனால நாங்க சொல்றதில்ல. யாராவது சொல்லிட்டா அந்தக் கிணறு எங்களுக்கு மூடிக்கிச்சு. சாமானைக் கட்டிருவோம்."

"சரிய்யா, ஆரு சொல்லப்போறாங்க? தண்ணியக் காட்டு."

அவர்கள் வாயில் பெயிலுக்கு வேறு வேறு சொற்கள் இருந்தன. அடித்தும் தண்ணீர் வரவில்லை என்றால், இன்னும் கொடுக்கவில்லை. கயிறு அறுந்தால் கயிறு கைவிட்டது. ஒருவனுக்குக் காய்ச்சல் கண்டால் இன்றைக்கு அவன் இறங்கவில்லை. வெடிக்காத குழிக்கு அவர்கள் சொன்னது: தூங்குது. செத்தது என்று சொல்லவில்லை. தூங்குகிறது. எப்போது வேண்டுமானாலும் எழுந்திருக்கும்.

அந்தப் பெண்ணின் இன்னொரு வேலை இதுதான். கிணற்றுக்குள் அவள் புருசன் ஒரு குழியில் மருந்து வைத்துத் திரியை நீட்டிக் களிமண்ணால் அடைத்ததும் மேலே பார்த்து ஒரு குரல் கொடுப்பான். அவள் ஒரு கல்லை எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வாள். ஒவ்வொரு குழிக்கும் ஒரு கல். எல்லாம் முடிந்ததும் அவன் திரிகளைக் கொளுத்திவிட்டு, கிரேன் கயிற்றில் தொங்கும் தொட்டியில் ஏறிக் குரல் கொடுக்க, மேலே உள்ளவர்கள் கிரேனைச் சுற்றித் தூக்குவார்கள். எல்லோரும் "வெடி... வெடி..." என்று கத்திக்கொண்டு தென்னை மரங்களுக்குப் பின்னால் ஓடுவோம். அவள் மட்டும் கொஞ்சம் முன்னால், மண்மேட்டின் மறைவில் வெறுங்காலோடு நிற்பாள். ஒரு வெடிக்கு ஒரு கல்லைக் கீழே போடுவாள். கடைசியில் முந்தானையை உதறிக் காட்டுவாள். உதறியதில் ஒன்றும் விழவில்லை என்றால்தான் அவள் புருசன் தொட்டியில் ஏறி முதல் ஆளாகக் கீழே இறங்குவான். கல்லை எண்ணுவது மருந்து வைக்கிறவனின் பெண்டாட்டியாகத்தான் இருக்க வேண்டும், வேறு யார் எண்ணினாலும் செல்லாது என்று மேஸ்திரி சொன்னார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே புரிந்தது.

வேலை நன்றாகத்தான் நடந்தது. ஒரு நாள் வடக்குப் பக்கத்துப் பாறை கசியத் தொடங்கியது. அப்பா அந்த ஈரக்கல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தோப்புக்கும் கிணற்றுக்குமாக நடந்தார். "இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான்," என்று மரங்களுக்குச் சொல்கிறவர்போல் முணுமுணுத்தார். அம்மா மேஸ்திரிக்கு மோரில் கொத்தமல்லி கிள்ளிப் போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த நாள் சாயங்காலம். வெயில் இன்னும் இறங்கவில்லை. அவன் திரியைக் கொளுத்திவிட்டு மேலே வந்தான். ஓடினோம். வெடிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. மலையில் மோதி ஒவ்வொன்றும் திரும்பி வந்தது. கல் சிதறல்கள் தென்னை மட்டைகளில் விழுந்து சரசரத்தன. பிறகு கிணற்றிலிருந்து மஞ்சள் புகை எழுந்து நின்றது. காற்றே இல்லாததால் அது கலையாமல் அப்படியே நின்றது.

எல்லோரும் பேசிக்கொண்டே மேட்டுக்குத் திரும்பினோம். அவள் முந்தானையை உதறவில்லை. முடிச்சைப் பிடித்தபடி நின்றாள். பிறகு அவிழ்த்துக் காட்டினாள். ஒரு கல் இருந்தது.

"ஒண்ணு தூங்குது," என்றாள்.

அவள் புருசன் அதற்குள் ஒரு காலைத் தொட்டிக்குள் வைத்துவிட்டான். "ரெண்டு சேந்து போயிருக்கும் புள்ள. நான் கேட்டேனே. நடுவுல ஒண்ணு பெருசாப் போச்சு பாரு, அது ரெண்டுதான்."

"சேந்து போனா எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்? சேந்து போனா சத்தம் ஒண்ணாத்தான கேக்கும்?"

"சத்தத்தை யாரு கேட்டா? நான் கால்ல கேக்கறவ."

கிரேன் சுற்றுகிற ஆள் சிரித்தான். "அடேயப்பா. அப்ப உனக்குச் செருப்பு வாங்கிக் குடுத்துட்டா நீ செவிடு."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மேஸ்திரி அவளைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், பிறகு மலையைப் பார்த்தார். "எண்ணும்போது குழி ஒண்ணு கூடுதலா எண்ணிட்டியா?"

"எண்ணல."

அப்பா தோப்புக்குள்ளிருந்து வேகமாக வந்தார். "என்ன நின்னுட்டீங்க? எறங்கறதில்லையா? வெளிச்சம் இருக்கறப்பவே பாத்துக் கல்லைத் தூக்குனா நாளைக்குக் காத்தாலயே குழி போட்டுறலாம்ல?"

மேஸ்திரி விவரத்தைச் சொன்னார். ஒன்று தூங்கினால் அன்றைக்கு யாரும் இறங்குவதில்லை. மறுநாள் உச்சிப்பொழுது தாண்டி, மருந்து வைத்தவன் மட்டும் தனியாக இறங்கித் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கல்லை விலக்கித் தேட வேண்டும். கிடைக்கும்வரை தேட வேண்டும். எத்தனை நாள் ஆனாலும்.

"எத்தனை நாள் ஆனாலுமா?" அப்பாவின் குரல் உயர்ந்தது. "தோப்பைப் பாத்தியாய்யா? உம்பட ஆளே சொல்றான் ரெண்டு சேந்து போச்சுன்னு. நானும் கேட்டேன், சேந்துதான் போச்சு. இவ ஒருத்தி மட்டும் கால்ல கேட்டாளாம்."

அந்தக் கணத்தில் ஒரு பாக்கு மட்டை விழுந்தது. எல்லோருக்கும் கேட்டது. அப்பா அந்தத் திசையில் திரும்பக்கூட இல்லை. அவர் கழுத்து நரம்பு மட்டும் புடைத்தது.

புருசன் மறுபடி தொட்டியைப் பிடித்தான். "நான் பாத்துட்டு வந்துர்றேன் மேஸ்திரி. பண்ணாடி கவலைப்படறாரு பாருங்க."

அவள் போய் அவன் காலைத் தொட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்தாள். குழந்தையின் காலை எடுத்து வைப்பதுபோல் வைத்தாள். பிறகு தானே ஏறி அந்தத் தொட்டிக்குள் உட்கார்ந்துகொண்டாள்.

"இதென்ன கூத்து?" என்றார் அப்பா. "ஏம்மிணி, ஆளுக்குப் பதிலா நீ எறங்கறியா?"

"எறங்கறேன் பண்ணாடி. கயித்த விடச் சொல்லுங்க. இவரு எறங்கக்கூடாது."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கிரேன்காரன் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டான். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் பிடிவாதம் இல்லை. மழை வரப்போகிறது என்று சொல்கிறவர்களின் முகம்போல் இருந்தது. நம்பினால் நம்பு என்ற முகம்.

அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார். "சரி. வளவளன்னு பேச்சு வேண்டாம். ஒரே வார்த்தையில சொல்லு. வெடி பெயிலா, இல்லையா?"

கிணற்றுக்குள் அவர் குரல் போய்த் திரும்பி வந்தது. அந்தக் கடைசிச் சொற்கள் மட்டும் திரும்பி வந்தன.

மேஸ்திரி வாயிலிருந்த புகையிலையைத் துப்பினார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "சொல்லிட்டீங்களே," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு ஒரு பாரம் இறங்கியதுபோல்கூட இருந்தது. கூட்டத்தைப் பார்த்து, "கட்டுங்க," என்றார்.

"யோவ், வாயில வந்துருச்சு, சொன்னேன். அதுக்காக?"

"உங்க மேல தப்பில்லைங்க. ஆனா இனி இதுல எறங்க மாட்டோம்."

அப்பா கத்தினார். பிறகு கெஞ்சினார். அவர் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை. அவர்கள் கிரேனைப் பிரிக்கத் தொடங்கினார்கள். அவள் தொட்டியிலிருந்து இறங்கி, கிணற்றின் விளிம்போரமாக நடந்து போய்க் குனிந்து பார்த்தாள். கிரேன் நின்ற இடத்தின் அருகில், கைப்பிடிச் சுவரின் மேல் அந்தக் கல்லை வைத்தாள். அப்போது அங்கே பக்கத்தில் நின்றவன் நான்தான்.

"தம்பி, இதுக்கு நேர் கீழதான் தூங்குது. இதை யாரும் எடுக்க வேண்டாம். வச்சவங்கதான் எடுக்கணும்."

உங்கள் ஊர் எது, எப்போது வந்து எடுப்பீர்கள் என்று கேட்க நினைத்தேன். தலையை மட்டும் ஆட்டினேன். அவர்கள் பொழுது மறைவதற்குள் தார்ச்சாலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவள் புருசனுக்குப் பின்னால் போகவில்லை, முன்னாலும் போகவில்லை. பக்கத்தில் போனாள்.

அப்பா வெகுநேரம் மேட்டில் நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "அந்தக் கல்லை எடுத்து எறிடா," என்றார்.

நான் நின்றேன்.

"பள்ளிக்கூடத்துல நின்ன மாதிரியே நிக்கறான் பாரு."

அவரே வந்தார். கையை நீட்டினார். கல்லுக்கு ஒரு சாண் தள்ளி அவர் கை நின்றது. பிறகு அந்தக் கையால் தலையைச் சொறிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் கிணற்றில் இறங்க யாரும் வரவில்லை. வேறு கூட்டங்களைக் கூட்டி வந்தார் அப்பா. வந்தவர்கள் மேட்டில் ஏறிச் சுவரில் இருந்த கல்லைப் பார்ப்பார்கள். இது என்ன கல் என்றுகூடக் கேட்க மாட்டார்கள். அம்மா கொடுக்கும் மோரைக் குடித்துவிட்டு, "அப்புறமா வாரோமுங்க," என்று போய்விடுவார்கள். பாக்குத் தோப்பு முழுக்கப் போய்விட்டது. தலையில்லாத மரங்கள் கொஞ்ச நாள் நின்றன. பிறகு அவற்றையும் வெட்டினோம்.

ஒரு நாள் திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து போர்வெல் லாரி வந்தது. இரும்புக் கோபுரத்தை நிமிர்த்தித் தோப்பு இருந்த காடு முழுக்கப் புழுதி பறக்கத் துளை போட்டார்கள். ராடுமேல் ராடாக இறங்கியது. புகைதான் வந்தது. லாரிக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு, காதில் இருந்த பஞ்சை எடுத்துக்கொண்டே, "பெயிலுங்க," என்றார். அந்தச் சொல்லை அவர் பீடி கேட்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார். அடுத்த காட்டுக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். நான் திரும்பிக் கிணற்று மேட்டைப் பார்த்தேன். கல் இருந்தது.

அடுத்து வந்த ஐப்பசியில் மழை கொட்டியது. கிணறு பாதிக்கு மேல் நிரம்பியது. அந்தத் தண்ணீரைத்தான் குடித்தோம், அதில்தான் மஞ்சள் வைத்தோம். அதற்குள் எனக்குக் கல்யாணமும் ஆனது. என் மனைவி வந்த புதிதில் அந்தக் கல்லை எடுத்துப் பாத்திரம் தேய்க்கப் போனாள். அம்மா ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு கோடையிலும் தண்ணீர் இறங்கும்போது நான் சுவரோரம் நின்று கீழே பார்ப்பேன். தண்ணீருக்கு அடியில் கருப்பாக ஏதோ தெரிவதுபோல் இருக்கும். ஆகாயத்தின் நிழலாக இருக்கும் என்று சொல்லிக்கொள்வேன். குழந்தைகள் கிணற்றில் குதித்து நீந்த நான் விட்டதே இல்லை. ஊரில் என்னைப் பயந்தாங்கொள்ளி என்றார்கள்.

எண்பதுகளின் கடைசியில் மறுபடியும் மழை ஏமாற்றியது. அந்த ஆண்டுதான் அப்பாவுக்குக் கால் வீங்கியது. பிறகு முகம் வீங்கியது. சேலத்துக்குக் கூட்டிப்போனேன். சூரமங்கலத்தில் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் ரயில்வேயில் வேலை செய்தார். அவர் சொன்ன டாக்டரிடம் காட்டினோம். டாக்டர் நல்ல மனிதர். காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அப்பாவுக்குக் கேட்டுவிட்டது.

"கிட்னி பெயிலியர்."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். ராசிபுரம் தாண்டியது. பிறகு சொன்னார்:

"அந்தக் கல்லு இருக்குதா?"

"இருக்குதுங்கப்பா."

"தண்ணி அடிக்குப் போயிருக்கும் இப்ப. நான் போறதுக்குள்ள அதைப் பாத்துரு சாமி."

அவர் என்னைச் சாமி என்று கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

கிணறு அந்த வாரமே அடியோடு காய்ந்திருந்தது. வெளிச்சம் நன்றாக உள்ளே விழும் நேரமாகப் பார்த்துக் கயிறு கட்டி இறங்கினேன். மேலே என் மனைவியும் பக்கத்துக் காட்டுக்காரரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். உள்ளே வெக்கையும் பாசி நாற்றமும். நான் மூச்சு விடுவது சுற்றுச்சுவரில் பட்டு எனக்கே திரும்பக் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். விளிம்பில் அந்தக் கல் ஒரு பல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே உட்கார்ந்து சேற்றைக் கையால் வழித்தேன். கடப்பாரையைத் தொடவில்லை. அன்று வெடித்துச் சிதறிக் கிடந்த கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, சத்தமில்லாமல் தள்ளி வைத்தேன்.

ஒரு பலகைக்கல்லுக்கு அடியில் பாறையில் வட்டமாகக் களிமண் அடைப்பு இருந்தது. அதன் நடுவிலிருந்து கருத்த திரி எலிவால்போல் கொஞ்சம் நீண்டிருந்தது. களிமண்ணின் மேல் கட்டைவிரல் அழுத்திய தடம் அப்படியே இருந்தது. அவன் விரல்.

அந்த இடத்தை எனக்குத் தெரியும். கிரேனிலிருந்து இறங்கும் தொட்டி வந்து உட்காருகிற இடம் அது.

கயிற்றை இரண்டு தடவை இழுத்தேன். மேலே வந்தேன். என் மனைவி முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

கல் குவாரியில் வெடி வைக்கிற அனுபவஸ்தர் ஒருவரைப் பக்கத்து ஊரிலிருந்து அழைத்து வந்தேன். அவர் இறங்கிப் பார்த்துவிட்டு ஏறி வந்தார். "ஆமாங்க, பெயில் ஷாட்டுதான். தண்ணியில கெடந்தாலும் இந்த மருந்து சாகாது. தோண்டி எடுக்கக்கூடாது. அதை ஒட்டினாப்பல ஒரு மருந்து வச்சு எழுப்பி விட்டுறலாம்," என்றார். அந்தச் சொல்லைச் சொன்னது பற்றி அவருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் எழுப்பி விடலாம் என்றார் பாருங்கள், அப்போது அவர் குரல் தாழ்ந்தது.

அப்பா வீட்டு வாசலில் கட்டிலில் படுத்திருந்தார். கட்டிலை நகர்த்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையசைத்தார். நான் மேட்டுக்குப் போய், அன்று அந்தப் பெண் நின்ற அதே மண்மேட்டின் மறைவில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். தரை சுட்டது.

வெடித்தது. காதுக்கு ஒரே சத்தம்தான். மலையும் ஒன்றாகத்தான் திருப்பிக் கொடுத்தது. அவள் புருசன் அன்று சொன்னது பொய்யில்லை, சேர்ந்து போனால் காதுக்கு ஒன்றுதான். ஆனால் என் உள்ளங்காலில் தரை ஒரு தடவை தூக்கிப் போட்டது. அது அடங்குவதற்குள், அதன் குதிகாலை மிதித்துக்கொண்டு வருவதுபோல், இன்னொரு தடவை.

செருப்பை மறந்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அப்பா தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணுதான கேட்டுது?"

"ரெண்டுங்கப்பா."

"ஒண்ணுதான்டா கேட்டுது."

"கால்ல கேட்டேனுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்துத் திரும்பப் போனேன். அப்போது மூடிய கண்ணோடு சொன்னார்:

"அன்னைக்கு அவன் ஒரு காலைத் தொட்டிக்குள்ள வச்சிருந்தான்."

அதற்குப் பிறகு அவர் கிணற்றைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த மழைக்கு அவர் இல்லை.

ஆத்தூர்ப் பக்கம் போகும்போதெல்லாம் கிணறு வெட்டுகிற கூட்டத்தைக் கண்டால் பஸ்ஸிலிருந்து இறங்கிவிடுவேன். கூச்சத்தை விழுங்கிக்கொண்டு பக்கத்தில் போய்க் கேட்பேன்: முந்தானையில் கல் முடிந்து எண்ணுகிற ஒரு அம்மா, புருசன் மருந்து வைக்கிறவர், தெரியுமா? அப்படி எண்ணுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு என்பார்கள். பெயர் என்ன என்பார்கள். பெயர் எனக்குத் தெரியாது. சிலர் அந்தத் தொழிலையே விட்டிருப்பார்கள் என்பார்கள். அதைக் கேட்டால் மனம் கொஞ்சம் அடங்கும். வேறு சிலர் பதிலுக்குக் கிணற்றுக்குள் பார்ப்பார்கள். அப்போது நான் திரும்பி வந்துவிடுவேன்.

கல் சுவரிலேயே இருக்கிறது. அதற்குக் கீழே இப்போது ஒன்றும் இல்லை. வைத்தவர்கள்தான் எடுக்க வேண்டும்.